சாப்பாட்டு மேசையில் வாசிக்காத பெயர்

கோபம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்று சில மாதம் காத்திருந்து பார்த்தேன். ஆறுகிற மாதிரித் தெரியவில்லை. சூட்டோடு எழுதிவிடுகிறேன். இதில் யார் பெயரும் வராது. ஒரே ஒரு பெயரை எழுதக் கை துடிக்கிறது. ஆனால் அது மடத்துச் சாப்பாட்டு மேசையில் வாசிக்க வேண்டிய பெயர், கடையில் விற்கிற காகிதத்தில் போட வேண்டாம் என்று அந்தப் பெயருக்கு உரிமையுள்ள ஒருவர் சொல்லிவிட்டார். அவர் சொன்னால் கேட்டுத்தான் ஆகவேண்டும். ஏன் என்பது படித்தால் தெரியும்.

போடியில் எனக்கு ஓர் அச்சகம் இருக்கிறது. ஏலக்காய்ப் பைகளுக்கு லேபிள், கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அடிக்கிறோம். கண்ணீர் அஞ்சலிக்குக் கவிதையும் நானே எழுதிக் கொடுப்பதால் ஊரில் என்னை எழுத்தாளர் என்று சொல்லிவிட்டார்கள். நானும் மறுக்கவில்லை. யார் எதைச் சொன்னாலும் மறுக்காமல் இருப்பது என் பிறவிக் குணம். என் மனைவி அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறாள்.

சாமியார் எஸ்டேட்டு என்று நாங்கள் சொல்லும் இடம் போடிமெட்டு ஏறி, தார் ரோட்டை விட்டு இறங்கி, ஏலச் செடிகளுக்கு நடுவே ஜீப்பில் முக்கால் மணி நேரம் குலுங்கிக்கொண்டு போனால் வரும். எஸ்டேட்டு என்பது எங்கள் வாய்க்கு வந்த பெயர்தான். அது கிறிஸ்தவத் துறவிகளின் மடம். பதினான்கு பேர் இருக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஏழு தடவை ஜெபம், மிச்ச நேரத்துக்கு ஏலக்காய். பச்சை நிறம் போகாமல் காய வைப்பதில் அவர்களை அடிக்க ஆளில்லை. அவர்கள் சாக்கைப் பிரித்தால் ஏலத்தில் உட்கார்ந்திருக்கும் வியாபாரிகள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

மடம் தொடங்கி ஐம்பது வருஷம் ஆகப் போகிறது, ஒரு வரலாற்றுப் புத்தகம் வேண்டும் என்று மடத்தின் தலைவர் என்னைக் கூப்பிட்டார். என்னைவிடப் பத்து வயது இளையவர், ஒல்லி, மெதுவான குரல். முதல் பாதியில் உலகத்தில் மடங்கள் எப்படி வந்தன, மறுபாதியில் இந்த மடம் எப்படி வந்தது என்று எழுத வேண்டுமாம். நான் போடிக்குப் பக்கத்துச் சிலமலையில் வெள்ளாமை பார்க்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. குலசாமிக்குக் கெடா வெட்டுகிற குடும்பம். கிறிஸ்தவ மடங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர்கள் ஏலக்காயின் நிறம் மட்டுமே.

“பண்ணிரலாம் ஃபாதர்” என்றேன்.

அன்று மதியச் சாப்பாடு அவர்களோடுதான். மேசையில் யாரும் பேசக் கூடாது. ஒருவர் மட்டும் மூலையில் ஒரு சாய்ப்பலகை முன்னால் நின்று புத்தகத்தை வாசிப்பார், மற்றவர்கள் கேட்டபடி சாப்பிடுவார்கள். உப்பு வேண்டுமென்றால் ஒரு சைகை, தண்ணீருக்கு ஒரு சைகை. எங்கள் ஊரில் இலைக்கு மேல் கையை விரித்தால் போதும் என்று அர்த்தம். அங்கே அதற்கு ‘இன்னும் கொஞ்சம்’ என்று அர்த்தம். இது எனக்கு நான்காவது தடவை கப்பைக்கிழங்கு வந்து விழுந்தபோதுதான் உறைத்தது. தட்டில் மீதி வைக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. வேர்த்து விறுவிறுத்துத் தின்று முடித்தேன். வாசிப்பவர் கடைசியாகத் தடித்த நோட்டு ஒன்றைத் திறந்தார். அவர்கள் சபையில் எந்த நாட்டிலானாலும் அந்தத் தேதியில் இறந்துபோன துறவிகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து, “ஆண்டவரில் இளைப்பாறுவார்களாக” என்றார். மற்றப் பதின்மூன்று வாயும் கஞ்சி, மோர் எல்லாவற்றையும் நிறுத்தி “ஆமென்” என்றன. தலைவர் விரல் முட்டியால் மேசையை ஒரு தட்டுத் தட்டினார். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நான் மட்டும் எழுந்திருக்க முடியாமல் கிழங்கோடு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மாதம் படித்தேன். ஆரம்பத்தில் நல்ல தமாஷாகத்தான் இருந்தது. எகிப்தில் காடு கரையோடு வாழ்ந்த ஒரு சம்சாரி வீட்டுப் பையன், உனக்குள்ளதை விற்றுக் கொடுத்துவிட்டு வா என்ற வசனத்தைக் கோயிலில் கேட்கிறான். நிலத்தை விற்றுவிட்டுப் பாலைவனத்தில் போய்த் தனியாக உட்கார்ந்துவிடுகிறான். எங்கள் வகையறாவில் எவனாவது இப்படிச் செய்திருந்தால் மறுநாளே பங்காளிகள் தேனி கோர்ட்டில் நின்றிருப்பார்கள். தனிமைக்குப் போனவரைத் தேடிக் கூட்டம் வந்துவிட்டது. அவர் இன்னும் உள்ளே போக, கூட்டமும் உள்ளே போனது. அடுத்து வந்தவர் பழைய பட்டாளத்துக்காரர். ஆளுக்கொரு குகையில் கிடந்தால் சரிப்படாது என்று சுற்றுச்சுவர், ஒரே வாசல், பொதுச் சமையல், வேலை பிரித்துக் கொடுக்கக் குழுக்கள் என்று ஏற்பாடு செய்துவிட்டார். பட்டாளத்துப் புத்தி எங்கே போகும். பிறகு இத்தாலியில் ஒருவர் எல்லாவற்றையும் விதிகளாக எழுதினார். அவருடைய கண்டிப்பு தாங்காமல் முதலில் அவரிடம் இருந்த துறவிகளே திராட்சரசத்தில் விஷம் வைத்தார்கள் என்றும், அவர் கையை உயர்த்தி ஆசீர்வதித்ததும் பாத்திரம் உடைந்துவிட்டது என்றும் கதை. இதைப் படித்த அன்று எனக்கு அவர்கள் எல்லோரும் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

அதற்கப்புறம் வந்த வெள்ளை அங்கிக்காரர்களிடம்தான் சிரிப்பு நின்றது. யாருக்கும் வேண்டாத சதுப்பையும் மலையையும் தேடிப் போய் மடம் கட்டினார்கள். தண்ணீரைத் திருப்பினார்கள், ஆடு வளர்த்தார்கள், ஆலை ஓட்டினார்கள். இதையெல்லாம் செய்தவர்கள் யார் என்று பார்த்தால், மடத்துக்குள் இரண்டு வகை. உள்ளே நின்று பாடுகிறவர்கள் ஒரு வகை. வெளியே நின்று வெட்டுகிறவர்கள் இன்னொரு வகை. வெட்டுகிறவனும் துறவிதான், அவனும் துறவற வாக்குக் கொடுத்தவன்தான். ஆனால் அவனுக்குப் புத்தகம் கிடையாது, எழுத்துச் சொல்லிக் கொடுக்கக் கூடாது, நாலைந்து ஜெபத்தை மனப்பாடம் செய்தால் போதும். கோயிலில் பின்னால் தனி இடம். சாப்பாட்டுக்குத் தனி இடம். தலைவரைத் தேர்ந்தெடுக்க அவனுக்கு வாயில்லை. பிற்பாடு இந்தப் பிரிவை மேலிடத்தில் எடுத்துவிட்டார்கள், வாஸ்தவம். இறைவனைத் தேடி எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் இதை மட்டும் விடாமல் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். சிலமலையில் இதையே தெருவுக்குத் தெரு பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் அதிர்ச்சி எதுக்கு என்று நீங்கள் கேட்கலாம். அதிர்ச்சி இல்லை. எரிச்சல்.

இந்த எரிச்சலோடு மறுபாதிக்கு வந்தேன். தலைவர் கொடுத்த கோப்பில் மடத்தை நிறுவிய ஃபாதரின் கடிதங்களும் ஒரு புகைப்படமும் இருந்தன. ஊற்றிலிருந்து மடத்துக்கு வரும் வாய்க்காலை அவர் தம் கையால் வெட்டினார் என்பது மடத்துக் கதை. படத்தில் அவர் மம்பட்டியோடு நிற்கிறார். செருப்பில் ஒரு பொட்டு மண் இல்லை. மம்பட்டியைப் பிடித்திருந்த லட்சணத்துக்கு, முதல் வெட்டு விழுந்திருந்தால் வாய்க்கால் கிடக்கட்டும், கால் பெருவிரல் போயிருக்கும்.

அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு பிரதரய்யாவிடம் போனேன். அவர் குரு அல்ல, பூசை வைக்க மாட்டார். துறவி மட்டும். மற்றவர்களை ஃபாதர் என்கிற மலையே அவரை மட்டும் பிரதரய்யா என்கிறது. எண்பதை நெருங்குகிறார். காய் காய வைக்கும் கட்டடத்தை அங்கே ஸ்டோர் என்பார்கள். அதுதான் அவருடைய உலகம். படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அந்த மம்பட்டி தன்னுடையது என்றார். படம் எடுக்கக் கொடுத்து வாங்கியதாம்.

வாய்க்கால் வெட்டியது இரண்டு பேர். ஒருவர் இவர். இன்னொருவர் காடு வெட்டக் கூலிக்கு மலையேறி, இவர்களோடு ஜெபத்தில் உட்கார ஆரம்பித்து, அப்படியே தங்கிவிட்டவர். முப்பது வயதுக்குக் கிட்ட இருக்கும்.

“சிலமலைக்காரன் அப்பு. உன் ஊருதான்” என்றார் பிரதரய்யா. யாரையும் அப்பு என்றுதான் கூப்பிடுவார்.

எந்தத் தெரு என்று கேட்டேன். சொன்னார். எங்கள் ஊர்தான். எங்கள் தெரு இல்லை. ஊருக்குப் போய் என் சித்தப்பாவிடம் விசாரித்தபோது, அங்கிட்டு யாரு போனா யாரு வந்தான்னு நமக்கெப்படித் தெரியும் என்றார். அந்த வீட்டு ஆட்கள் எங்கள் வயலில்தான் நடவு நட்டிருக்கிறார்கள்.

அவர்களுடைய வழக்கப்படி, மடத்தில் சேருகிறவர் தன் வாக்குறுதியைத் தன் கையாலேயே ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, பீடத்தின் மேல் வைக்க வேண்டும். அதோடு அவர் மடத்துக்காரர். இந்த ஆளுக்கு எழுத்துத் தெரியாது. எழுதத் தெரியாதவருக்கு வேறொருவர் எழுதித் தரலாம் என்று விதியிலேயே இடம் உண்டு. அதெல்லாம் வேண்டாம், நான் கற்றுக்கொள்கிறேன் என்று ஒன்றரை வருஷம் பிரதரய்யாவிடம் எழுத்துப் படித்திருக்கிறார். எழுதியும் முடித்துவிட்டார். வைக்க வேண்டிய திருநாளுக்கு ஒன்பது நாள் இருந்தது. ஆடி மழை. வாய்க்காலுக்குள் இரண்டு பேரும் நின்றிருந்தபோது கரை சரிந்தது.

பிரதரய்யா ஒரு பிஸ்கட் டப்பாவிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் காட்டினார். எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம். கடைசியில் கையெழுத்து. தேதிக்கு இடம் விட்டிருந்தது.

“நான் அவன் கையப் புடிச்சிருந்தேன். ரெண்டு பேர்ல ஒருத்தனத்தான் இழுக்க முடிஞ்சது, மேல நின்னவுகளால. நாப்பத்தேழு வருசமா அந்த நாள்ல மேசையில காதக் குடுத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். அவன் பேர வாசிக்கல. அந்த நோட்டுல அவன் பேரு வேணும் அப்பு. வேற ஒண்ணும் வேணாம். நீ புஸ்தகத்துல எழுதிட்டேன்னா, நோட்டுல ஏத்தித்தான ஆகணும்.”

அன்றைக்குக் கோப்பைத் திரும்பப் புரட்டினேன். அந்த ஆடி மாதத்தில் நிறுவிய ஃபாதர் மேலிடத்துக்கு எழுதிய கடிதம் இருந்தது. வாய்க்கால் வேலை நன்றாக நடக்கிறது, மண் சரிந்து ஒரு கூலியாள் இறந்துபோனார், ஏலக் கன்றுகள் பிடித்துவிட்டன. கன்றுகளுக்கு முன்னால் ஒரு கால்புள்ளி போட்டு ஆளை முடித்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உட்கார்ந்த இடத்திலேயே ஒரு பாரா எழுதி, அந்த ஆளின் பெயரைப் போட்டு, அவர்தான் இந்த மடத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர் என்று முடித்தேன். மெய்ப்பு பார்த்த என் மனைவி, இத்தனை வருஷத்தில் நீங்கள் எழுதியதில் இது ஒன்றுதான் எழுத்து என்றாள். சிங்கம் போல நடந்தேன். மலைக்கு அனுப்பிவைத்தேன்.

மூன்றாம் நாள் தலைவர் போன் பண்ணினார். மெஷின் சத்தத்தில் அந்த மெதுவான குரலைக் கேட்க நான் ஷட்டருக்கு வெளியே வந்து நின்றேன். அந்த நபர் வாக்குக் கொடுத்தவர் அல்ல, நோட்டில் வாக்குக் கொடுத்தவர்களை மட்டும்தான் ஏற்றுவோம், நிறுவனரின் கடிதம்தான் நமக்கு ஆவணம், பிரதருக்கு வயதாகிவிட்டது, ஞாபகம் ஒன்றோடொன்று கலக்கும் என்றார். எல்லாவற்றையும் அன்பாகச் சொன்னார்.

“அந்த ஒரு பாரா மட்டும் எடுத்துரலாமா சார்?”

எனக்குப் பயம் வந்தால் வாய்க்குத்தான் முதலில் தகவல் போகும். மூளைக்கு மறுநாள் தபாலில் வரும். வாய் தானாகத் திறந்து, “எடுத்துரலாம் ஃபாதர், அதுக்கென்ன” என்றது. அதுக்கென்ன என்று அவர் கேட்கவே இல்லை. அது என்னுடைய இலவச இணைப்பு. உள்ளே வந்து அந்தப் பாராவை அழித்தேன். அழித்ததை யாராவது மீட்டுவிடுவார்களோ என்று குப்பைத் தொட்டிக்குள் போய் அங்கேயும் அழித்தேன். அவர் என்ன செய்துவிடுவார்? அடிப்பாரா? நான் தும்மினால் சாய்ந்துவிடுகிற உடம்பு அது.

“யோசிச்சுச் சொல்றேன்னு ஒரு தடவையாச்சும் சொல்லிப் பாருங்க, நாக்கு சுளுக்கிக்கிறாது” என்றாள் மனைவி. அதற்குப் பிறகு என்னிடம் பேச்சையே நிறுத்திவிட்டாள். அந்த மடத்துக்கு அவளே போகலாம்.

மடத்தின் பெயரில் அச்சாகிற எதையும் முதலில் சாப்பாட்டு மேசையில் வாசித்துவிட வேண்டும் என்று அவர்களிடம் ஒரு வழக்கம். பங்குனியில் அதற்காக என்னையும் அழைத்தார்கள். போகாமல் இருக்கக் காய்ச்சல் என்று சொல்லிப் பார்த்தேன், மனைவி நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு ஜீப்பில் ஏற்றிவிட்டாள். கோழைத்தனத்துக்கும் ஒரு சாட்சி வேண்டும் பாருங்கள். அங்கே போனால், வாசிக்கிறவருக்குச் சளி பிடித்துக் குரலே இல்லை. தலைவர் என்னைப் பார்த்துச் சாய்ப்பலகையைக் கையால் காட்டினார். எழுதியவரே வாசிக்கட்டும்.

நின்றேன். எகிப்தை வாசித்தேன். பங்காளிகள் கோர்ட்டுக்குப் போகிற இடத்தில் யாராவது சிரிப்பார்கள் என்று நிறுத்தினேன். கிழங்கு மெல்லும் சத்தம்தான் கேட்டது. பட்டாளத்துக்காரர் போனார், விஷப் பாத்திரம் உடைந்தது, ஒருவருக்குப் புரையேறியது. வெள்ளை அங்கிக்காரர்களை வேகமாகக் கடந்து இந்த மலைக்கு வந்து சேர்ந்தேன். மேசையின் கடைசியில் பிரதரய்யா குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாய்க்கால் என்ற வார்த்தை வந்ததும் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார். அவருக்கு நான் அழித்தது தெரியாது. நான் சொல்லவில்லை. அதற்கும் தைரியம் இல்லை.

‘தம் கையால் வெட்டினார்’ என்று வாசித்தேன். அடுத்த பாரா கோயில் மணியைப் பற்றியது. பிரதரய்யா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மணியைப் பற்றிய முதல் வரியிலேயே விரலை வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ, தலைவரின் கை மேசைக்கு மேலே எழும்புவது தெரிந்தது. அந்தப் பதற்றத்தில் சொல்லிவிட்டேன். அந்த ஆளின் பெயரைச் சொன்னேன். அதோடு விடாமல், அவர்கள் நோட்டில் வாசிப்பது போலவே, “ஆண்டவரில் இளைப்பாறுவாராக” என்று ராகத்தோடு முடித்தேன்.

“ஆமென்” என்றார்கள் எல்லோரும். பழக்கம் அப்படி. அந்த வாக்கியம் காதில் விழுந்தால் வாய் தானாகப் பதில் சொல்லிவிடும். தலைவரும் சொன்னார். சொல்லிய பிறகுதான் அவர் முகம் மாறியது. எழும்பிய கை இறங்கி மேசையில் தட்டியது, எல்லோரும் எழுந்தார்கள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. என்ன ஆள் நான், விதியை வைத்தே விதியை மடக்கிவிட்டேனே! பிரதரய்யா கட்டிப்பிடித்துக்கொள்வார் என்று ஸ்டோருக்கு ஓடினேன். அவர் தட்டுகளில் காயைப் புரட்டிக்கொண்டிருந்தார், திரும்பவே இல்லை. ஆமென் சொல்லாத ஒரே வாய் அவருடையதுதான் என்று அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. உளறிக்கொண்டே போன் விஷயத்தையும் சொல்லிவிட்டேன்.

“அப்ப, எழுதுனத நீதான் எடுத்த” என்றார். “எடுத்துட்டு இப்ப வந்து, நல்ல காய்க்குள்ள கள்ளக் காயச் செருகி விடுற மாதிரி அவன் பேரச் செருகி விட்டிருக்க. அவென் என்ன களவாண்டுக்கிட்டா வந்தான்? ஒன்றர வருசம் குத்தவச்சு எழுதுனான்டா. வேடிக்க காட்டுறதுக்கா?”

எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

“மொகத்தப் பாத்துச் சொல்லத் துப்பிருந்தா வா. இல்ல, ஜீப்பு நிக்கிது, வெரசாப் போ.”

ஜீப்பைத்தான் முதலில் பார்த்தேன். பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் கையைத் துடைத்துக்கொண்டு டப்பாவை எடுத்து முன்னால் நடந்துவிட்டார். எண்பது வயதுக்காரர் நடக்க, நான் பின்னால் போகாமல் எப்படி?

தலைவரின் அறையில் நான் உட்காரவில்லை, உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று தெரியும். போனில் நான் சரி என்று சொன்னது தப்பு, அந்தப் பாரா இல்லாமல் இந்தப் புத்தகத்தை அடிக்க மாட்டேன் என்று சொல்லி முடித்தேன். மேசையில் நான் செய்தது கோமாளித்தனம், அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், பாராவுக்குக் கேட்கவில்லை என்றும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம். அடிக்க வேண்டாம் என்றால் வேண்டாம் சார் என்றார்.

பிறகு பிரதரய்யாவைப் பார்த்து, “தாளப் பீடத்துல வைக்கல பிரதர். வைக்காதவர நம்மள்ல ஒருத்தர்னு எப்படிச் சொல்றது? விதி இருக்குல்ல” என்றார்.

பிரதரய்யா டப்பாவோடு வெளியே போனார். போன திசை கோயில். தலைவர் எழுந்து பின்னால் போனார். நானும் ஓடினேன். நாங்கள் நுழைந்தபோது அவர் டப்பாவைத் திறந்து, தாளை எடுத்து, பீடத்தின் வெள்ளைத் துணிமேல் வைத்து, மடிப்பை உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தார்.

“எடுங்க பிரதர்.”

“நான் வைக்கத்தான் வந்தேன். எடுக்கிறதுன்னா நீங்க எடுங்க.”

பீடத்தில் வைத்த தாளைத் திருப்பிக் கொடுப்பது அவர்களிடம் வழக்கம் இல்லை. வைத்தவன் நாளைக்கு மடத்தை விட்டு ஓடிப்போனாலும் தாள் மடத்துப் பெட்டியில்தான் கிடக்கும். ஆனால் வைக்க வேண்டியது அவனவன் கை. இன்னொருவர் கை வைத்தால் செல்லுமா செல்லாதா என்பதற்கு அந்த இத்தாலிக்காரர் ஒன்றும் எழுதி வைக்கவில்லை போலிருக்கிறது. தலைவர் கையை நீட்டினார். துணி வரைக்கும் போன கை தாளைத் தொடவில்லை. அதற்குள் மூன்று மணி ஜெபத்துக்கு மணி அடித்துவிட்டது. ஒவ்வொருவராக வந்து அவரவர் இடத்தில் நின்றார்கள். பீடத்தில் ஒரு காகிதம் கிடப்பதைப் பார்த்தார்கள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. தலைவரும் தன் இடத்துக்குப் போக வேண்டியதாயிற்று. தாள் கிடந்தபடியே ஜெபம் நடந்தது. பின்வரிசையில் எப்போது உட்காருவது எப்போது எழுவது என்று தெரியாமல் நான் எல்லோருக்கும் ஒரு நொடி பிந்தி ஆடிக்கொண்டிருந்தேன்.

முடிந்து எல்லோரும் போன பிறகு தலைவர் தாளை எடுத்தார். நின்றபடியே கடைசி வரை வாசித்தார். “தேதி போடலியே” என்றார்.

“போடலாம்னுதான் இருந்தான்” என்றார் பிரதரய்யா.

தலைவர் தாளை மடித்துக்கொண்டு உள்ளே போனார். கிழித்தாரா, பெட்டியில் வைத்தாரா என்று நான் கேட்கவில்லை.

புத்தகம் மதுரையில் வேறொரு அச்சகத்தில் வந்தது. நான் எழுதியதுதான், என் எகிப்து, என் இத்தாலி. பங்காளிகளை எடுத்துவிட்டார்கள். பாரா இல்லை. அட்டையில் சுத்தமான செருப்போடு நிறுவனர் மம்பட்டியைத் தப்பாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு ஒரு பிரதி, நன்றியுடன் என்று எழுதி வந்தது. அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் பல்லைக் கடிக்கிறேன். என் மனைவி அதைத் திருப்பி வைத்துவிட்டுப் போகிறாள். அவள் இப்போது என்னிடம் பேசுகிறாள்.

ஆடியில் ஒருநாள் மதியம் தெரியாத நம்பரிலிருந்து போன். மழைச் சத்தம், ஜீப் இன்ஜின் சத்தம், அதற்குள் பிரதரய்யா. மடத்து ஜீப்புக்காரரிடம் போனைக் கேட்டு வாங்கியிருக்கிறார்.

“வாசிச்சாக அப்பு.”

நோட்டில் ஏற்றிவிட்டார்களா என்று கேட்டேன். தலைவரே கைப்பட ஏற்றியிருந்தாராம். அன்றைக்கு இறந்தவர்கள் ஐந்து பேர், அதில் மூன்றாவதாக வந்ததாம், முன்னாலும் பின்னாலும் வெளிநாட்டு ஃபாதர்மார். தலைவர் காரணம் எதுவும் சொல்லவில்லையாம், எல்லாரும் ஆமென் என்றார்கள், மோர் வந்தது. நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். மோரைக் குடித்தேன் என்றார். வாசிக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

“பேரச் சொல்ல எம்புட்டு நேரம் ஆகும்? வாயில போட்ட சோறு எறங்கல, முடிஞ்சிருச்சு.”

அங்கேதான் எனக்கு உடைத்துக்கொண்டது. அச்சகத்தில் ஆட்கள் நிற்கிறார்கள், கல்யாணப் பத்திரிகைக்காரர் நிற்கிறார், நான் போனில் கத்துகிறேன். ஒரு வாய்ச் சோறு இறங்குகிற நேரத்துக்கா நாற்பத்தேழு வருஷம்? இதுக்கா கடிதம், இதுக்கா விதி, இதுக்கா பிஸ்கட் டப்பா? ஒரு பேனாவை எடுத்து ஒரு வரி எழுதுவதில் என்ன குறைந்துபோயிற்று அவர்களுக்கு, அந்தத் தண்ணீரைத்தானே ஐம்பது வருஷமாக மூன்று வேளையும் குடிக்கிறார்கள்? மூச்சு வாங்க நிறுத்தினேன். மறுமுனையில் மழை பெய்துகொண்டிருந்தது.

“கத்தாத அப்பு” என்றார் பிரதரய்யா. “இது ஜீப்புக்காரென் போனு. அவென் லோடு எடுத்துட்டுப் போகணும், நிக்கிறான்.”

வைத்துவிட்டார்.